ஜன்னலை அடைக்கச் சொன்னவள்

எனக்குத் தெரிந்த குளிர் எல்லாம் பாடப்புத்தகக் குளிர்தான். இரணியலுக்கும் தக்கலைக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊரில் மார்கழி விடியலில் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பால் வாங்க வருகிறவர்கள், "என்னா தணுப்பு" என்று சொல்லிக்கொள்வார்கள். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து சாயா குடிப்பார்கள். கம்பளிச் சட்டை வேண்டுமென்றால் நாகர்கோவிலுக்குப் போய்க் கடை கடையாகக் கேட்க வேண்டும்.

நான் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். பேரிடர் பாடத்தில் புயல், வெள்ளம், சுனாமி எல்லாம் முடிந்து கடைசியில் குளிர் அலை வரும். சுனாமி நடத்தும்போது வகுப்பு அசையாமல் கேட்கும். கடற்கரைப் பிள்ளைகளும் அதில் இருப்பார்கள். குளிர் அலைக்கு வந்தால் சிரிப்பார்கள். "டீச்சர், இது நமக்கு எப்ப வரும்?" என்று வருடத்துக்கு ஒருவராவது கேட்பார்கள். நமக்கு வராது, பரீட்சைக்கு வரும் என்று சொல்வேன். காரணங்கள் மூன்று, பாதுகாப்பு முறைகள் ஐந்து. கரும்பலகையில் எழுதிப் போட்டால் ஒரே பாடவேளையில் முடிந்துவிடும்.

என் கணவர் வெல்டர். பதினான்கு வருடம் வளைகுடாவில் இருந்தார். மத்தியானம் கையுறை இல்லாமல் இரும்பைத் தொட்டால் தோல் அதிலேயே ஒட்டிக்கொள்ளும் என்பார். அந்த வேலை முடிந்து ஊருக்கு வந்து ஒரு வருடம் சும்மா இருந்தார். பிறகு ஹரியானாவில் ஒரு தொழிற்சாலை கட்டுகிற இடத்தில் குழாய் வெல்டிங் வேலை கிடைத்தது. விமானம் ஏற வேண்டாம், நினைத்தால் ரயிலில் வந்துவிடலாம் என்று கிளம்பினார். எனக்கும் அது பக்கமாகத்தான் தோன்றியது.

அங்கே அவரோடு ஒரே அறையில் இருந்தவர் குளச்சல்காரர். குழாய் பொருத்துகிற ஃபிட்டர். என் கணவரைவிட ஏழெட்டு வயது மூத்தவர். குளச்சலில் முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் காக்கா என்பார்கள். என் கணவரும் அவரைக் காக்கா என்று அழைத்தார், நானும் போனில் அப்படியே அழைத்துப் பழகினேன். நேரில் பார்த்ததில்லை. சாயங்காலம் இவர் என்னோடு பேசும்போது பக்கத்திலிருந்து அவருடைய குரல் வரும்.

"டீச்சரே, இவரு வச்ச மீன்குழம்புல மீனத் தேடிப் பிடிக்கதுக்கே எனக்கு நேரம் சரியாப் போச்சு."

"நீரு வச்சா மட்டும் என்னவாம்?" என்பார் இவர்.

ஆற்று மீனுக்கு ருசி இல்லை என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் சண்டை கிடையாது.

டிசம்பர் பாதியில் பேச்சு மாறத் தொடங்கியது. முதலில் குளிரைப் பற்றி வேடிக்கையாகச் சொன்னார்கள். காலையில் வாளியில் இருந்த தண்ணீரைத் தொட்டபோது கையில் கத்தி பட்டது போல இருந்தது, தேங்காய் எண்ணெய் புட்டியில் கல்லாகிவிட்டது, அதை இடுப்பில் செருகி வைத்துக்கொண்டு வேலைக்குப் போனோம், இப்படி. பிறகு வேடிக்கை குறைந்தது. வேலை நடக்கிற இடத்தில் இரும்பு ஏணியில் ஏறும்போது பிடி தெரியவில்லை என்றார். நாகர்கோவிலில் தேடி நான் வாங்கிக் கொடுத்து அனுப்பிய கம்பளிச் சட்டையை அங்குள்ளவர்கள் பார்த்துவிட்டு உள்பனியனா என்று கேட்டார்களாம்.

ஒரு நாள் காக்கா போனை வாங்கி என்னிடமே கேட்டார்.

"டீச்சரே, நீங்க பாடம் நடத்துகிய இல்லியா, சொல்லுங்க. பனிமலை எங்கியோல்லா கெடக்கு? இங்க ஒரே சமபூமி. இங்க எதுக்கு இப்பிடித் தணுக்குது?"

நான் சமையலறையில் நின்றுகொண்டு வகுப்பில் சொல்வது போலவே சொன்னேன். மேற்கே வெகு தூரத்திலிருந்து மழைமேகம் வந்து இமயமலையில் பனியைக் கொட்டிவிட்டுப் போகும். அது கடந்து போன பிறகு, அந்தப் பனிப்பக்கத்திலிருந்து வறண்ட குளிர்ந்த காற்று வடமேற்கிலிருந்து வீசிச் சமவெளிக்கு இறங்கும். ராத்திரியில் வானத்தில் மேகம் இல்லையென்றால் தரையில் இருக்கிற சூடெல்லாம் மேலே போய்விடும். காலையில் மூடுபனி வந்து சூரியனை மறைத்துக்கொள்ளும், போன சூடு திரும்பி வராது. இப்படி நாள்கணக்கில் தொடர்ந்தால் அதுதான் குளிர் அலை.

காக்கா கொஞ்சம் யோசித்தார். "அப்போ ராத்திரி வானம் தெளிஞ்சாலும் நமக்கு அடி, பகல்ல மூடினாலும் அடி."

"ஆமா காக்கா."

"நல்ல பாடம்" என்றார்.

அதற்கு நாலைந்து நாள் கழித்து நடந்த பேச்சைத்தான் நான் சொல்ல வேண்டும். அன்றைக்குச் சாயங்காலம் ஏழு மணி இருக்கும். நான் இட்லிக்கு உளுந்து அரைத்துக்கொண்டிருந்தேன். இவருடைய குரல் நடுங்கியது.

"சூரியனக் கண்டு எட்டு நாளாச்சு, கேட்டியா. இன்னைக்குத் தூத்தல் வேற. போட்டிருந்த சாக்ஸ் எல்லாம் நனஞ்சு போச்சு."

"வேற சாக்ஸ் இல்லியா?"

"அதுவும் காயல்ல."

அவர்கள் தங்கியிருந்தது செங்கல் சுவர் எழுப்பித் தகரம் போட்ட ஒற்றை அறை. ஒரே ஜன்னல். அதில் ஒரு கண்ணாடி உடைந்து நாலு விரல் அகலத்துக்கு இடைவெளி இருந்தது என்பது எனக்குத் தெரியும். காற்று அந்த வழியாக வந்து கட்டிலில் இவர் தலைமாட்டில் அடிக்கிறது என்று முன்பே சொல்லியிருந்தார்.

"அந்த ஓட்டைய இன்னும் அடைக்கல்லியா நீங்க?" என்று கேட்டேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இடுப்புல கட்டுக பழைய சாரம் ஒண்ணக் கிழிச்சு நல்லா திணிச்சு அடையுங்க. வாசல்படிக்குக் கீழயும் துணி வையுங்க. காத்து ஒரு பொட்டு உள்ள வரப்பிடாது."

"அடைச்சுப் பாப்போம்."

பின்னாலிருந்து காக்காவின் குரல் வந்தது. "அடைச்சிரு மக்கா. டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அவ்வளவுதான் பேச்சு. நான் மாவை வழித்து எடுத்தேன். ஜன்னலை மூட வேண்டும் என்பது நான் கரும்பலகையில் எழுதிப் போடுகிற ஐந்தில் இரண்டாவது.

அடுத்த நாள் காலையில் பத்தரை மணிக்கு இடைவேளை. ஆசிரியர் அறையில் கைபேசியை எடுத்தபோது தெரியாத எண்ணிலிருந்து ஆறு அழைப்புகள் இருந்தன. திரும்ப அழைத்தேன். யாரோ ஒருவர் இந்தியில் பேசினார். எனக்கு இந்தி வராது. பிறகு அவர் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். அறை. கரி. புகை. ஒருவர் இறந்துவிட்டார். ஒருவர் ஆஸ்பத்திரியில்.

எந்த ஒருவர் என்று கேட்டேன். அவருக்குப் பெயர்கள் தெரியவில்லை. தமிழ்க்காரர்கள் இரண்டு பேர் என்று மட்டும் தெரியும். விசாரித்துவிட்டு அழைக்கிறேன் என்று வைத்துவிட்டார்.

மணி அடித்தது. நான் வகுப்புக்குப் போனேன். என்ன நடத்தினேன் என்பது என் நினைவில் இல்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பிறகு சொன்னார்கள், உள்ளாட்சி அமைப்புகள் பாடத்தைத் தொடங்கி முடித்தேனாம், ஒரு பையனை வரிசை மாறி உட்கார்ந்ததற்குத் திட்டினேனாம். கையில் சுண்ணக்கட்டி இருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அதைப் பிடித்திருந்த விரல்கள் என்னுடையவை மாதிரி இல்லை.

இரண்டு மணி நேரம் எனக்கு எதுவும் தெரியாது. அந்த இரண்டு மணி நேரமும் நான் ஒன்றையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். அது அவராக இருக்கட்டும், இவராக இருக்க வேண்டாம். நான் சாமி கும்பிடுகிறவள். அன்றைக்குக் கும்பிட்டது அப்படித்தான். குளச்சலில் ஒரு பெண் அதே நேரத்தில் இதே செய்தியைக் கேட்டுக்கொண்டு நிற்பாள் என்று எனக்குத் தெரிந்தே இருந்தது.

இறந்தவர் காக்கா.

என் தம்பி அன்றைக்கே திருவனந்தபுரம் போய் விமானம் ஏறினான். காக்காவின் மைத்துனரும் அதே விமானத்தில் போனார். இரண்டு பேரும் முன்பின் தெரியாதவர்கள், பக்கத்துப் பக்கத்து இருக்கையில் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்து போனோம் என்று தம்பி சொன்னான். இரண்டு நாள் கழித்துக் காக்காவைக் கொண்டுவந்து குளச்சலில் அடக்கினார்கள். நான் போகவில்லை. போயிருக்க வேண்டும். வீட்டில் உட்கார்ந்து தம்பியின் அழைப்புக்காகக் காத்திருந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். போக முடியவில்லை என்பதுதான் உண்மை.

ஆஸ்பத்திரியில் மருத்துவர் சொன்னதைத் தம்பி எனக்குப் போனில் சொன்னான். மூடிய அறைக்குள் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது. கண் எரியாது, இருமல் வராது. புகை அடங்கிக் கரி சிவந்த பிறகுதான் நல்லது என்று எல்லோரும் நினைப்பார்கள், ஆபத்து அப்போதும் அப்படியே இருக்கும். முதலில் தலைவலி, பிறகு அசதி. குளிருக்கு இதமாக இருக்கிறது, தூக்கம் வருகிறது என்று தோன்றும். அந்தத் தூக்கத்திலேயே ஆள் போய்விடும். இந்தக் குளிரில் வாரத்துக்கு இப்படி யாராவது வந்துவிடுகிறார்கள் என்று மருத்துவர் சலிப்போடு சொன்னாராம்.

இவர் எப்படித் தப்பினார் என்றால், விடியும் முன்னால் சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறார். கால் நிற்கவில்லை. கதவைத் திறந்தவர் வாசல்படியின் குறுக்கே விழுந்துவிட்டார். தலையும் கைகளும் வெளியே, உடம்பு உள்ளே. வெளிக்காற்று மூக்கில் பட்டதால் உயிர் நின்றது. ஆனால் நனைந்த தரையில், அந்தக் குளிரில், கைகள் வெறுமனே கிடந்தன. காலையில் சாயாக் கடைக்காரர் வந்து பார்க்கும்வரை அப்படியே கிடந்திருக்கிறார். விரல்கள் வெளுத்து மெழுகு மாதிரி இருந்தனவாம். காக்கா அறையின் அந்தக் கோடியில், சுவர்ப்பக்கம் திரும்பி, போர்வையைக் காதுவரை இழுத்துவிட்டுப் படுத்திருந்தார்.

தை மாதக் கடைசியில் தம்பி இவரை ரயிலில் கூட்டிவந்தான். மத்தியானம் மூன்று மணி, இரணியல் ஸ்டேஷன், நல்ல வெயில். எல்லோரும் விசிறிக்கொண்டிருந்தார்கள். இவர் கம்பளிச் சட்டை, அதற்கு மேல் இன்னொன்று, காதை மூடிய தொப்பி எல்லாம் போட்டபடி இறங்கினார். கழுத்தில் வியர்வை ஓடியது. கழற்றுங்கள் என்றேன். "இருக்கட்டு" என்றார். வீட்டுக்கு வந்தும் கழற்றவில்லை. இரண்டு நாள் அப்படியே இருந்தார். மூன்றாவது நாள் குளிக்கப் போகும்போது தானாகவே கழற்றிக் கொடியில் போட்டார். நான் அதைத் துவைத்து மடித்து உள்ளே வைத்தேன்.

அவருக்கு விரல் நுனிகளில் உணர்வு இல்லை. சட்டைப் பொத்தான் போட வராது. நான் போட்டுவிடுவேன். சாயா தம்ளரைப் பிடித்தால் சூடு தெரியாது. ஒரு தடவை அடுப்பில் இருந்த பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கி வைத்துவிட்டு நின்றார். கொப்பளம் வந்த பிறகுதான் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். வேறு யாருடைய கையோ என்பது மாதிரி. "வலிக்கல்லியா?" என்று கேட்டேன். "தெரியல்ல" என்றார். மறதியும் இருந்தது. ஒரே கேள்வியைக் கால்மணி நேரத்தில் இரண்டு தரம் கேட்பார்.

நானும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தேன். என் விரல்களில் குறை இல்லை என்பது மட்டும்தான். பள்ளிக்குப் போனேன், சமைத்தேன், துவைத்தேன். வருகிறவர்கள் "தப்பிச்சு வந்தாரே, ஒனக்க தாலி பாக்கியம்" என்றார்கள். ஆமாம் என்றேன். ஒரு முறையாவது அழுதால் சரியாகிவிடும் என்று தம்பி மனைவி சொன்னாள். முயற்சி செய்துகூடப் பார்த்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவருக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது கேட்டுவிட்டேன்.

"அந்த ஓட்டைய அடைச்சியளா?"

அவருக்கு எது என்று விளங்கியது. "நீ சொன்ன அன்னைக்கே அடைச்சாச்சு. காக்காதான் அடைச்சாரு. எனக்க சாரத்த ரெண்டாக் கிழிச்சு, கரண்டிக் காம்பு வச்சுக் குத்தி, நல்ல மொறுக்கமா அடைச்சாரு. வாசலுக்கும் வச்சாரு."

நான் அடுத்த பொத்தானைப் போட்டேன்.

"கரிச்சட்டிய உள்ள கொண்டு வந்தது நான்" என்றார். "எப்பவும் வெளியேதான் வைப்போம், சாயாக்கடக்கிட்ட. அன்னைக்குத் தூத்தல் போட்டுது. சாக்ஸ் காய வைக்கலாம்னு நெனச்சேன். காக்கா வேண்டாம்னு சொல்லல்ல. நல்ல சொகமா இருக்கு மக்கான்னுதான் சொன்னாரு."

"அப்போ நான் சொன்னதுனாலயா..."

"நீ சொல்லாட்டாலும் அடைச்சிருப்போம்" என்றார். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பேசவில்லை.

குளச்சலுக்கு மாசி பிறந்து போனோம். இவரால் தனியாகப் போக முடியாது, நானும் கூடப் போனேன். துறைமுகத்துக்குப் போகிற ரோட்டிலிருந்து உள்ளே பிரிகிற சந்தில் வீடு. காக்காவின் மனைவி இத்தா என்கிற துக்கம் காத்திருந்த நாள்கள் அவை. கணவன் இறந்தபின் அவர்கள் வழக்கப்படி குறிப்பிட்ட மாதங்கள் வெளியாள்களான ஆண்கள் அவரைப் பார்க்கக் கூடாது. இவர் முன்னறையில் காக்காவின் மைத்துனரோடு உட்கார்ந்தார். நான் மட்டும் உள்ளே போனேன்.

காக்காவின் மனைவி நான் நினைத்ததைவிட வயதானவராக இருந்தார். வெள்ளைத் துணியில், பாயில் உட்கார்ந்திருந்தார். என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்தினார். சர்பத் வந்தது. மகள் பிரசவத்துக்கு வந்திருப்பதைச் சொன்னார். உங்கள் வீட்டுக்காரருக்குக் கை எப்படி இருக்கிறது என்று கேட்டார். பொத்தான் போட வரவில்லை என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அங்கே அதைச் சொல்லவே கூடாது என்று பட்டது.

பிறகு அவர் கேட்டார். "அவிய உங்ககிட்டயும் போன்ல பேசுவாவல்லா. கடைசியா என்ன பேசினாவ?"

வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். மீன்குழம்பைச் சொல்லியிருக்கலாம். என் வாயில் வந்தது அதுதான்.

"ஜன்னல்ல ஒரு ஓட்ட இருந்துது. அத அடைக்கச் சொன்னேன். டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும், அடைச்சிருன்னு சொன்னாவ. அவியதான் அடைச்சிருக்காவ."

அவர் என் கையை விடவில்லை. பிடித்திருந்த பிடியும் மாறவில்லை. 

"இத நீங்க எங்கிட்ட சொல்லியிருக்க வேண்டாம் டீச்சர்" என்றார். குரலில் கோபம் இல்லை. "இனி இதயும் நானில்லா வச்சிருக்கணும்."

நான் மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே விளங்கியது. கேட்கவில்லை. சர்பத்தைக் குடித்து முடித்துவிட்டுக் கிளம்பினேன். பஸ்ஸில் இவர், "என்ன சொன்னாவ?" என்றார். கை எப்படி இருக்கு என்று கேட்டதாக மட்டும் சொன்னேன்.

அந்த வருட முழுப்பரீட்சையில் குளிர் அலை கேள்வியாக வந்தது. விடைத்தாள்களை வீட்டில் வைத்துத் திருத்தினேன். பாதிப் பேருக்கு மேல் எழுதியிருந்தார்கள். ஒரு பெண் குழந்தை அழகான கையெழுத்தில் இப்படி எழுதியிருந்தது: 'கதவு ஜன்னல்களை நன்றாக மூட வேண்டும். தீ மூட்டிக் குளிர்காய வேண்டும்.' அடுத்தடுத்த வரிகள். நான் நடத்தியபடி, நான் எழுதிப் போட்ட வரிசைப்படி. இரண்டும் சரி. நான் சிவப்புப் பேனாவை வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு முழு மதிப்பெண் போட்டேன். அவள் மேல் என்ன தப்பு?

கோடை விடுமுறையில் நான் படித்தேன். வேறொன்றும் செய்யத் தோன்றவில்லை. கைபேசியில், நூலகத்தில், பக்கத்து ஊர் மருத்துவரிடம் போய் உட்கார்ந்து. இத்தனை வருடம் நடத்தியதில் எனக்கு எவ்வளவு தெரியாது என்பது தெரிந்தது. குளிரில் நடுங்குவது நல்லது என்பது தெரியாது. உடம்பு இன்னும் போராடுகிறது என்று அதற்கு அர்த்தம். நடுக்கம் நின்று, பேச்சுக் குழறி, ஆள் மந்தமாகித் தூங்கப் பார்த்தால்தான் பயப்பட வேண்டும். மது குடித்தால் சூடு ஏறுவது போலத் தோன்றும், உண்மையில் உடம்பின் சூடு வெளியே போகும். வயதானவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் இதய நோய்க்காரர்களுக்கும் வீட்டுக்குள்ளேயே ஆபத்து உண்டு. ஈரத்துணி குளிரைவிட மோசம்.

அடுத்த வருடம் அந்தப் பாடத்துக்கு மூன்று பாடவேளை எடுத்துக்கொண்டேன். யாரும் சிரிக்கவில்லை. ஊரில் எல்லோருக்கும் கதை தெரியும். அந்த மூன்று நாளும் நான் சாதாரணமாகத்தான் பேசினேன், குரல் உடையவில்லை. ஜன்னலை மூடலாம், ஆனால் உள்ளே கரியோ விறகோ எரிந்தால் மூடக் கூடாது, எரியவிட்டபடி தூங்கவே கூடாது என்று சொன்னேன். தலை வலித்தால் யோசிக்காமல் எழுந்து வெளியே போய்விட வேண்டும் என்று சொன்னேன். ஒரு பிள்ளை கை தூக்கி, "டீச்சர், இது பரீட்சைக்கு வருமா?" என்று கேட்டது. தெரியாது, எழுதிக்கொள் என்றேன்.

பட்டாளத்துக்குப் போகிறவர்களும் நர்ஸ் வேலைக்குப் போகிறவர்களும் எங்கள் பக்கத்தில் எப்போதும் உண்டு. அவர்களுடைய அம்மாக்கள் கிளம்புவதற்கு முன்னால் என்னிடம் வரத் தொடங்கினார்கள். டீச்சரிடம் கேட்டுவிட்டுப் போ என்று அனுப்புவார்களாம். எனக்கு அது பிடிக்கவில்லை. டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற பேச்சைக் கேட்டாலே கை நின்றுவிடும். ஆனாலும் வந்தவர்களுக்குச் சொன்னேன். சொல்லும்போது எனக்குள் ஒன்றும் அசையாது. ரயில் நேரம் சொல்வது போலச் சொல்வேன்.

இவர் மெல்லத் தேறினார். மறதி போனது. வலது கையில் இரண்டு விரல்களைத் தவிர மற்றவற்றுக்கு உணர்வு வந்தது. முதலில் எறும்பு ஊர்வது மாதிரி, பிறகு ஊசி குத்துவது மாதிரி. அந்த வலி வந்தபோது வாசலில் உட்கார்ந்து கையை உதறிக்கொண்டே இருப்பார். வெல்டிங் பிடிக்க முடியாது. தக்கலையில் கேட்டும் கிரில்லும் செய்கிற ஒரு பட்டறையில் வீடு வீடாகப் போய் அளவு எடுக்கிற வேலை கிடைத்தது. பைக்கில் போய்வருகிறார். பொத்தானை இடது கையால் அவரே போடக் கற்றுக்கொண்டார். ஒரு நாள் காலை நான் வழக்கம்போலப் பக்கத்தில் போய் நின்றபோது சட்டை போட்டு முடித்திருந்தது. நான் அங்கே நின்றதற்கு ஒரு காரணம் தேடி, காலரைச் சரிசெய்தேன்.

காக்கா இறந்த பிறகு வந்த இரண்டாவது டிசம்பரில் குளச்சலிலிருந்து போன் வந்தது. சாயங்காலம், இவர் வேலைவிட்டு வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். அந்த எண்ணை நான் பதிந்து வைத்திருந்தேன், அதிலிருந்து இதுவரை அழைப்பு வந்ததில்லை. எடுப்பதற்கு முன்னால் உட்கார்ந்துகொண்டேன்.

"டீச்சரா? எனக்க தங்கச்சி மகன் பஞ்சாபுக்குப் போறான். எலக்ட்ரீசியன் வேல. நாளக் கழிச்சு ரயிலு" என்றார் காக்காவின் மனைவி. "இங்கதான் எனக்கப் பக்கத்துல நிக்கான். ஜன்னல் காரியமும் கரிச்சட்டிக் காரியமும் நான் சொல்லியாச்சு. பாக்கிய நீங்க சொல்லணும்."

ஒலிபெருக்கியில் போட்டிருந்தார் போல, பின்னால் டிவி ஓடுவது கேட்டது.

"ஹலோ டீச்சர், சொல்லுங்க" என்றான் அந்த இளைஞன். சிரிப்பான குரல்.

சொன்னேன். ஒரே தடியான சட்டை வேண்டாம், மெல்லிசாக மூன்று நாலு அடுக்காகப் போடு. தலை, காது, கை மூடியிருக்க வேண்டும். சாக்ஸ் நனைந்தால் உடனே மாற்று, எப்போதும் காய்ந்தது ஒரு ஜோடி பையில் வை. சூடாகக் குடி, வயிறு காலியாக இருக்க விடாதே. குடிக்கிற கூட்டத்தோடு குளிருக்கென்று சேராதே. மூடுபனி இருக்கும்போது ரோட்டில் வண்டி எடுக்காதே. வானிலை எச்சரிக்கை வந்தால் வீம்புக்கு வெளியே போகாதே. கூட இருப்பவன் நடுங்குவதை நிறுத்திவிட்டு உளறினால் தூங்க விடாதே, ஈரத்தைக் களைந்து போர்த்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ.

"நாலு சட்ட போட்டா கைய மடக்க முடியுமா டீச்சர்?" என்றான்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு இவர் வாசலில் வந்து நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. கையை நீட்டினார். நானும் ஒலிபெருக்கியைப் போட்டுப் போனைக் கொடுத்தேன்.

"மோனே, கை வெறச்சுப் போச்சுன்னா தேய்க்கப்பிடாது, கேட்டியா? தீயில நேரா காட்டவும் பிடாது. ஒனக்கே சூடு தெரியாது, வெந்து போவும். எனக்கு அப்பிடி ஆச்சு. கக்கத்துல வச்சுக்க. இல்லன்னா எளஞ்சூட்டு வெள்ளத்துல பையப் பைய வை." ஒரு மூச்சு விட்டார். "அங்க போயி ரூமுல ஆருகூட இருந்தாலும், அவருகிட்டயும் இதச் சொல்லணும்."

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றிருந்தது. "சொல்லுகேன் மாமா" என்றான்.

பிறகு காக்காவின் மனைவியின் குரல் வந்தது. இவரோடு அவர் பேசுவது அதுதான் முதல் தடவை.

"தம்பி, கை இப்போ எப்பிடி இருக்கு?"

"ரெண்டு வெரலு இன்னும் தெரியல்ல, மைனி" என்றார் இவர், அண்ணன் மனைவியிடம் பேசுவது போல.

"வரும்" என்றார். "பைய வரும்."

இனி வராது என்று மருத்துவர் போன மாதம்தான் சொல்லியிருந்தார். இவர் போனை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, "சரி மைனி" என்றார்.